முதுகு நனையாதவனுக்கு மோர் கிடையாது

போன வாரம் நம் மனநல மையத்துக்கு வந்திருந்தேன். ஓய்வுபெற்ற ஆள் என்பதால் யாரும் எழுந்திருக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. மூலையில் உட்கார்ந்து நீங்கள் வேலை செய்யும் அழகை ரசித்தேன். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், கட்டம் போட்ட சட்டை, ஒரு பையன் தராசில் ஏறுவதற்கு முன்பே அவன் எடையை எழுதிவிட்டார். போன மாத எடை. பையன் ஏறினான், முள் ஆடியது, இறங்கினான். முள்ளைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பையன் ஆறு கிலோ ஏறியிருந்தான்.

அடுத்து ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கும். "நெஞ்செல்லாம் எரியுது மேடம்" என்றாள். அதற்கு நீங்கள் கேட்டது: "காதுல குரல் ஏதாச்சும் கேக்குதாம்மா?"

அடடா. நெஞ்சு எரிந்தால் காதைப் பார்ப்பது. என்ன படிப்பு, என்ன பயிற்சி!

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊக்கப்படுத்தும்படி இருக்க வேண்டுமாம். என்னிடம் அந்தச் சரக்கு கிடையாது. திட்டத்தான் தெரியும். ஆனால் உங்களைத் திட்டுவதற்கு முன்னால், உங்களைவிடப் பெரிய முட்டாள் ஒருவன் இதே வேலையில் இருந்தான், அவனைத் திட்டிவிடுகிறேன். அவனை எனக்கு நெருக்கமாகத் தெரியும். இருபத்தி நாலு வயது, சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், மொபெட், குறுந்தாடி. ஆமாம், நானேதான்.

எண்பதுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் வாரத்துக்கு ஒரு புது கேட் முளைத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் மையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. டாக்டர் வியாழக்கிழமை மட்டும் பெங்களூரிலிருந்து வருவார். மற்ற நாட்களில் நானும் ஒரு நர்சும்தான். அவரை சிஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். நாகர்கோவில்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எடை பார்ப்பது, பேதி ஆகிறதா, மலச்சிக்கலா, பல் வலியா என்று கேட்பதெல்லாம் அவர் வேலை. நான் மனசைக் கவனிப்பவன். அவர் "நாலு நாளா வெளிக்குப் போகலியாம்" என்று அட்டையில் எழுதினால், பக்கத்தில் நான் "தாயுடனான உறவுச் சிக்கல்" என்று எழுதுவேன். அவ்வளவு உயரத்தில் இருந்தேன்.

முனிராஜ் எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபத்தியொன்று. உத்தனப்பள்ளிப் பையன். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஐ.டி.ஐ. படித்த முதல் ஆள். ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில், நீங்கள் சொல்கிற மாதிரி பவுண்டரியில், லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓடுகிற லேத்துக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று ஒருநாள் மெஷினை ஸ்பேனரால் அடித்தான். எங்களிடம் அழைத்துவந்தார்கள். மாத்திரை ஆரம்பித்து ஏழு எட்டு மாதத்தில் குரல் நின்றது. தூக்கம் வந்தது. சிரித்தான். திரும்ப வேலைக்குப் போகிறேன் என்றான்.

நான் களத்தில் குதித்தேன். பர்சனல் ஆபீசர் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நோயாளியின் உழைக்கும் உரிமை பற்றி முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பொழிந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சரி மிஸ்டர், எடுத்துக்கறேன். லேத்ல விடலாமா?"

"கூடாது சார். மாத்திரையில கை நடுங்கும், கண் சொக்கும். சுத்துற மெஷின் பக்கமே விடக் கூடாது. விரல் போயிடும்."

"மெஷினே இல்லாத வேலை ஒண்ணுதான் இருக்கு. ஃபர்னஸ். பழைய இரும்ப உடைச்சு உலைக்கு அள்ளிப் போடணும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு சார்!"

இந்தப் பதிலை நான் எத்தனையோ ராத்திரி நினைத்து உருண்டிருக்கிறேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். இல்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். வேலை வாங்கிக் கொடுத்துவிட்டேனே! விரல் போய்விடும் என்று பயந்து ஆளையே கொண்டுபோய் உலை வாயில் நிறுத்தினேன் என்பது உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்திருக்குமா? குரல் கேட்காமலிருக்க அவன் ஒரு மாத்திரை சாப்பிட்டான். கை நடுங்காமலிருக்க இன்னொன்று. இரண்டுக்கும் ஒரு குணம் உண்டு, வேர்வையை அடைத்துவிடும். புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

தவிர, ஓசூர் ஆயிற்றே. ஊத்தங்கரையில் வெயில் தாக்கி விழுந்தான் என்றால் நம்பலாம். குளிருக்குப் பேர்போன இந்த ஊரில் யாருக்கு என்ன ஆகிவிடும்? தலைக்கு மேல் தகரக் கூரை, பத்தடியில் உருகின இரும்பு. அங்கே என்ன ஊர் வேண்டிக் கிடக்கிறது என்று யாருமே யோசிக்கவில்லை. டாக்டரும்தான்.

அந்த ஃபர்னஸ் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. காலை பதினொன்றுக்கும் மதியம் மூன்றுக்கும் கேன்டீனிலிருந்து மோர் டிரம் வரும். உப்புப் போட்டு, பெரிய ஐஸ் கட்டி மிதக்கும். மேஸ்திரி கோயம்புத்தூர்க்காரர், வார்ப்பு வேலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கையில் சொம்போடு டிரம் பக்கத்தில் நிற்பார். ஒவ்வொருத்தனும் திரும்பி நின்று முதுகைக் காட்ட வேண்டும். சட்டை நனைந்து ஒட்டியிருந்தால் சொம்பு வழிய மோர். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் இரண்டாவது சொம்பு. காய்ந்த முதுகுக்கு வாய் நிறையப் பேச்சு மட்டும்.

முனிராஜின் முதுகு முதல் நாளிலிருந்தே காய்ந்த முதுகு.

"ஏனுங்க மகாராசா, சட்டைய இஸ்திரி போட்டுட்டு வந்தீங்களா? முதுகு நனையாதவனுக்கு எதுக்குடா மோரு? போயி எவனையாச்சும் விசிறச் சொல்லு, போ."

எல்லையோரப் பேரிகை ஊரிலிருந்து வரும், கன்னடம் கலந்து பேசும் ஒருத்தன் இருந்தான். "ஏனப்பா பவுடரு, ஏசி ரூம் டூட்டியா ஒனக்கு?" பவுடர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் மற்றவர்கள் அளவுக்கு இரும்பு அள்ளினான். மேஸ்திரியே அப்புறம் ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே அள்ளின கூடையை யாரும் எண்ணுவதில்லை. சட்டைதான் சாட்சி.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாதம் ஒருமுறை முன்னறிவிப்பு இல்லாமல் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்ப்பது என் பழக்கம். திடீரென்று போனால்தான் உண்மை தெரியும் என்று நினைப்பு. ஏதோ போலீஸ் உத்தியோகம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள் பத்தேமுக்காலுக்குப் போனேன். ஃபர்னஸ் பக்கம் முனிராஜ் இல்லை. மண் குவியலுக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. அங்கே குனிந்து நின்று, கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தன் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தான். பிறகு மார்பில். பிறகு அக்குளில், பார்த்துப் பார்த்து, வேர்வை எங்கே முதலில் வருமோ அங்கே. சட்டையைப் பிழிந்து, உதறி, கணக்காக நனைந்த மாதிரி செய்துகொண்டு திரும்பினான். எதிரே நான் நின்றிருந்தேன்.

"என்ன முனிராஜ் இது?"

"சார்... ஒண்ணும் இல்லீங்க சார்."

"வேர்த்த மாதிரி நடிக்கிறியா?"

தரையைப் பார்த்தான். "மேஸ்திரி மோர் குடுக்க மாட்றாரு சார். பவுடர்ங்கறானுங்க. எனக்கு வேர்க்கவே மாட்டேங்குது சார். நான் என்னா பண்றது?"

"அதுக்காக ஏமாத்துவியா? உன் மேல நம்பிக்கை வெச்சு நான் ஆபீசர்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன் தெரியுமா?"

"ஏமாத்தறது மட்டும் இல்ல சார். நனைச்சிக்கிட்டா ஒடம்புக்கும் நல்லாயிருக்குது. அரை மணிக்கொருக்கா நனைச்சிக்குவேன். நனைக்கலைன்னா மண்டைக்குள்ளார கொதிக்குது சார். கிறுகிறுன்னு வருது. நெருப்பு பேசற மாதிரி இருக்குது."

இப்போது நீங்கள் படிப்பதை நிறுத்தி, இந்தப் பதிலைத் திரும்பப் படியுங்கள். எல்லாமே அதில் இருக்கிறது. வேர்க்கவில்லை என்கிறான். தண்ணீர் பட்டால் சரியாகிறது என்கிறான். எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் என்றும் சொல்லிவிட்டான். எந்த டாக்டரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நான் எதைக் கேட்டேன் தெரியுமா? "நெருப்பு பேசுது." அதைப் பிடித்துக்கொண்டேன். திருட்டு நாய் எலும்பைக் கவ்வின மாதிரி.

முதலில் ஒழுக்கத்தைச் சரிசெய்தேன். உழைப்பில் பொய் கூடாது, குணமாவது என்றால் உண்மையாக இருப்பது என்றெல்லாம் அங்கேயே நின்று ஒரு சொற்பொழிவு. பிறகு கையை நீட்டினேன்.

"அடிச்சு சொல்லு. இனிமே சட்டைய நனைக்க மாட்டேன்னு."

"சார், நனைக்கலைன்னா—"

"அடி முனிராஜ்."

என் உள்ளங்கையில் அவன் உள்ளங்கையை அடித்தான். சில்லென்று ஈரமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். "வேலையிடத்தில் ஏமாற்றும் நடத்தை. தலைக்குள் கொதிப்பதாகவும் நெருப்பு பேசுவதாகவும் கூறுகிறார். நோய் திரும்பும் அறிகுறி." அன்றைக்கு அறுபது பேர் வரிசையில். டாக்டர் என் எழுத்தை நம்பினார். மாத்திரையைக் கூட்டினார். இருந்த கொஞ்சநஞ்ச வேர்வையையும் அடைத்தாயிற்று, தண்ணீரையும் நிறுத்தியாயிற்று. சிஸ்டர் மாத்திரைப் பொட்டலம் கட்டும்போது, "எடே, இந்தப் பயலுக்கு உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கே, நீ பாத்தியா?" என்று கேட்டார். "வெயில் காலம்ல சிஸ்டர்" என்றேன். நான் சொன்ன வார்த்தை எனக்கே கேட்கவில்லை.

முனிராஜ் வாக்கைக் காப்பாற்றினான். நம் ஆட்கள் அப்படித்தான். நாம் சொல்கிற உருப்படாத யோசனையை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் நடுவில், மத்தியானம் இரண்டு மணிக்கு மையத்துக்குப் போன் வந்தது. பர்சனல் ஆபீசர்.

"உங்க ஆளுக்கு மறுபடி முத்திப்போச்சு மிஸ்டர். உளர்றான், தள்ளாடுறான், ஒருத்தன அடிச்சிட்டான். முதலுதவி ரூம்ல கட்டிப் போட்டிருக்கு. ஜீப் ரெடி. ஊசி போட்டு பெங்களூர் கொண்டு போயிடுங்க. மூணு மணி ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள கேட்ட விட்டு வெளிய போயிடணும்."

அடங்காத நோயாளிக்குப் போடும் ஊசி மருந்து எங்களிடம் இருந்தது. சிஸ்டர் அதைப் பையில் வைத்துக்கொண்டு என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தார். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். "சொன்னேன்ல சிஸ்டர், திரும்புதுன்னு. என் நோட்டுல எழுதியிருக்கேன்." எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பையன் செத்துக்கொண்டிருந்தான், என் கணிப்பு பலித்துவிட்டதென்று எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலுதவி அறையில் முனிராஜைக் கயிற்றுக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கண் செருகியிருந்தது. ஏதோ முனகினான், தமிழா தெலுங்கா தெரியவில்லை. கால் வெட்டி வெட்டி இழுத்தது. மேஸ்திரி தலைமாட்டில் நின்றிருந்தார். ஆபீசர் வாசலில், கடிகாரமும் கையுமாக.

"போடுங்க சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் மருந்துக் குப்பியை எடுத்தார். மேஸ்திரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். கசந்த சிரிப்பு.

"பாருங்க சார் உங்க உழைப்பாளிய. காலைல இருந்து உலைகிட்ட நின்னவனுக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லீங்க. பத்து நாளா இப்படித்தான். முன்னாடியாச்சும் மோர் நேரத்துக்குக் கொஞ்சம் நனைஞ்சிருப்பான். இப்ப எலும்பாட்டம் காஞ்சு கெடக்கறான்."

பத்து நாள். முன்னாடியாச்சும். நனைஞ்சிருப்பான்.

முதல் தடவையாக அவனைத் தொட்டேன். ஒரு வருஷமாக அவனைக் கவனித்தவன், அவன் தோலைத் தொட்டது அன்றைக்குத்தான். சத்தியம் வாங்கினதைச் சேர்த்தால் இரண்டாவது தடவை. அடுப்பிலிருந்து இறக்கின தோசைக்கல் மாதிரி இருந்தது கழுத்து. துளி ஈரம் கிடையாது.

"சிஸ்டர், போடாதீங்க!"

அவரும் அதற்குள் நெற்றியில் கை வைத்திருந்தார். "போட மாட்டேன் கேட்டியா. போட்டா இங்கயே முடிஞ்சிரும்." அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினார். எடுத்துப் பார்த்தார். என்னிடம் காட்டவில்லை. குப்பியைப் பைக்குள் போட்டு மூடினார். "இது பைத்தியம் இல்லடே. பய உள்ளாற வேகுதான்."

ஆபீசர் உள்ளே வந்தார். "என்ன லேட்? ஜீப் ஸ்டார்ட்ல நிக்குது."

இதுதான் யோசிக்க நேரம் இல்லாத இடம். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். நடுவில் எல்லைச் செக்போஸ்ட், மத்தியான நேரத்தில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். மூடிய ஜீப்பில், அந்த வெயிலில், கட்டிப்போட்ட பையன். போய்ச் சேர்ந்தாலும் அங்கே மனநோய் என்றுதான் முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் என் கையெழுத்தில் அப்படித்தான் கடிதம் இருக்கும். அரசு ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். ஆனால் அதுவரைக்கும்கூட இந்தச் சூட்டோடு தூக்கிக்கொண்டு போகக் கூடாது, முதலில் இறக்கு, அப்புறம் நகர்த்து என்று சிஸ்டர் சொன்னார்.

"சார், அவன் எங்கயும் போகல. இங்கயே தண்ணி ஊத்தணும்."

"இங்க ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? என்கொயரி வரும் மிஸ்டர். மொதல்ல கேட்டுக்கு வெளிய கொண்டு போங்க, அப்புறம் எது வேணா ஊத்துங்க."

"கேட்டுக்கு வெளிய தண்ணி இல்ல சார்."

"நீங்க என்ன டாக்டரா?"

இல்லை. அதுதான் உண்மை. நான் ஒன்றும் டாக்டர் இல்லை. மேஸ்திரி பக்கம் திரும்பினேன். ஆபீசருக்குப் புரியாதது அவருக்குப் புரியும் என்று எப்படித் தோன்றியதோ. "அவன் வேலை செய்யாம இல்ல மேஸ்திரி. நாங்க குடுக்கற மாத்திரை வேர்வைய அடைச்சிருச்சு. வேர்க்கவே முடியாது அவனால. அன்னைக்கெல்லாம் குழாய்த் தண்ணிய ஊத்திக்கிட்டு உங்ககிட்ட வந்து நின்னான். அதை நான் நிறுத்திட்டேன்."

 மேஸ்திரி கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, வேர்க்காதவனையா உலைல நிக்க வெச்சீங்க? ஆவி போக வழியில்லாத அச்சுல இரும்ப ஊத்துனா வெடிக்கும்னு எங்க ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியுமுங்க. டேய், கேன்டீன்ல இருந்து அந்த மோர் டிரம்ம எடுத்தாங்கடா! பெரிய ஃபேன உருட்டிட்டு வா! சாக்க நனைச்சுக் கொண்டா!"

கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் அந்தக் குழாயடியிலேயே வைத்தோம். வேறு இடத்துக்கு ஹோஸ் எட்டவில்லை. துணியை உருவிப் போட்டு, ஹோஸால் அடித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, உலைக்கு எதிரே வைக்கும் ராட்சச ஃபேனை அவன் மேல் திருப்பினார்கள். மேஸ்திரி மோர் டிரம்முக்குள் கையை விட்டு ஐஸ் கட்டியை எடுத்துச் சுத்தியலால் உடைத்தார். சிஸ்டர் அந்த மோர் வழியும் ஐஸை அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் அணைத்து வைத்தார். மூன்று மணிச் சங்கு ஊதியது. ஷிஃப்ட் மாறி வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஆபீசர் கேட் பக்கம் போய்விட்டார், இதையெல்லாம் பார்க்கவில்லை என்று சொல்ல வசதியாக. அந்தப் பேரிகைக்காரன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, "பவுடரு, ஏய் பவுடரு, எந்திரிடா, மன்னிச்சுக்கடா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். அப்போதும் பவுடர்தான்.

முக்கால் மணி நேரம். முனிராஜ் உடம்பு நடுங்கியது. கண்ணைத் திறந்து, "குளுருதுடா" என்றான். ஒருத்தனும் கை தட்டவில்லை. ஈரத்தோடு ஜீப்பில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அடுத்த நாலு நாள் சிறுநீர் காப்பிக் கலரில் போனது. பிழைப்பானா என்று ஐந்தாம் நாள்தான் சொன்னார்கள்.

அவன் அம்மா லட்சம்மா இரண்டாம் நாள் உத்தனப்பள்ளியிலிருந்து வந்து கட்டிலடியில் உட்கார்ந்தவர், நகரவில்லை. மூன்றாம் நாள் நான் ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். வார்டில் முட்டாள்கள் ஆரஞ்சோடுதான் வருவார்கள்.

"வெயில் தாக்கிடுச்சும்மா" என்றேன்.

"ஓசூர்லயா?"

ஆரஞ்சுப் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"சட்டைய நனைக்கக் கூடாதுன்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கினியாமே. ஊட்ல வந்து சொன்னான். ராவெல்லாம் ஈரத்துணி சுத்திக்கினு படுப்பான். வேலைல நனைச்சிக்கடான்னேன். சாருக்கு வாக்குக் குடுத்துட்டேம்மான்னான்."

"தப்புதாம்மா. எனக்குத் தெரியல."

அந்த அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"எரும மாட்டுக்கே தெரியும் சாமி. சூடு தாங்கலைன்னா குட்டைல போயி படுத்துக்கும். அதப் போயி எவனாச்சும் ஏமாத்தறேன்னு சொல்லுவானா? அத்தன படிச்சியே, உன் படிப்புல எரும இல்லியா?"

ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்து காகிதம். தொழிற்சாலையில் முனிராஜின் பேரில் "மனநோய் மீண்டும் தாக்கியதால் வேலைக்குத் தகுதியற்றவர்" என்று தட்டச்சு அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், எல்லோருக்கும் சௌகரியம். உலையில் நிறுத்தினதும் தப்பில்லை, மாத்திரை கூட்டினதும் தப்பில்லை, சத்தியம் வாங்கினது காகிதத்தில் வராது. நோய் வந்தது, போயிற்று. பையன் மட்டும் உத்தனப்பள்ளியில் ஆடு மேய்ப்பான். இல்லையென்றால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அப்படி எழுதினால் மூன்று இடத்தில் என் பெயர் வரும்.

இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு நாள்! வீரமாக உடனே எழுதினேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். மூன்றாம் நாள் டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி, வேகமாக, திரும்பப் படித்தால் மனசு மாறிவிடும் என்று படிக்காமலே அடித்தேன். உலை வேலையைச் சிபாரிசு செய்தவன் நான். தண்ணீரை நிறுத்தினவன் நான். தப்பான குறிப்பு எழுதி மாத்திரை கூடக் காரணமானவன் நான். அவனுக்கு வந்தது மனநோய் அல்ல, வெப்பம். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு விளக்கமா எழுதணுமா?" என்று கேட்டார். ஆனால் கீழே கையெழுத்துப் போட்டார், மாத்திரையையும் குறைத்தார். ஆபீசர் ஒரு மாதம் என்னை வாசலில் நிற்கவைத்தார். மேஸ்திரி போய் என்ன பேசினாரோ, கடைசியில் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். மரத்தடியில் தனிக் கட்டடம், உருப்படிகளை எண்ணி அடுக்கும் வேலை.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு நான் ஒரு வீரனாகத் தெரிந்திருப்பேன். இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் நிறுத்துவார்கள். உயிர் பிழைத்தது, வேலை கிடைத்தது, சுபம்.

முனிராஜ் ஜூலையிலிருந்து மறுபடி மாதாமாதம் வர ஆரம்பித்தான். இப்போது நான் திருந்தின ஆள். மனசைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உடம்பைப் பற்றிக் கேட்டேன். தூக்கம், பசி, தண்ணீர், வெளிக்குப் போவது, எல்லாம். முதல் மாதம் எல்லாவற்றுக்கும் "நல்லாயிருக்குது சார்." இரண்டாம் மாதமும் அதே. மூன்றாம் மாதம் அவன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கின மாதிரி இருந்தது. தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

"முனிராஜ், ஏதோ கஷ்டம் இருக்கு உனக்கு. எதுவா இருந்தாலும் சொல்லுப்பா. நான் கேக்கறேன்."

டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தான். கோபம் எதுவும் இல்லை அவன் முகத்தில். எனக்கு ஒரு விவரம் தெரியாததைப் பொறுமையாக விளக்குகிற மாதிரிச் சொன்னான்.

"உங்ககிட்ட சொன்னா நிறுத்திடுவீங்க சார்."

"எதை?"

"நான் எதப் பண்ணிக்கினு சமாளிக்கறேனோ அத."

எழுந்தேன். வெளியே போய் சிஸ்டரை உள்ளே அனுப்பினேன். கதவைச் சாத்தச் சொன்னேன். இருபது நிமிஷம் பேசினான். ஒரே ஒருதரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சிஸ்டர் வெளியே வந்து விரல் விட்டு எண்ணினார். வயிறு ஒரு வாரமாக இறங்கவில்லை, அதற்கு விளக்கெண்ணெய் குடித்துக்கொண்டிருக்கிறான். கடைவாய்ப் பல் சொத்தை, வலிக்குப் புகையிலை அடக்கிக்கொள்கிறான். தாகம் அடங்கவில்லை, ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கிறான், சர்க்கரை பார்க்க வேண்டும். பேன்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை, அதனால் தம்பியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

வேட்டி. அது என் கண்ணெதிரே இருந்தது.

"நீ உள்ள போகாண்டாம்" என்றார் சிஸ்டர். "ரத்தம் எடுக்கணும். நான் கூட்டிட்டுப் போறேன். அந்தப் பயலுக்க விளக்கெண்ணெயப் பத்தி மட்டும் வாயத் தொறந்திராத, என்னா?"

அன்றிலிருந்து எங்கள் மையத்தில் யார் வந்தாலும் முதலில் சிஸ்டர் அறை, அப்புறம்தான் என் அறை. எட்டு வருஷம் முனிராஜ் வந்தான். சர்க்கரை வந்தது, அடங்கியது. பல் போனது, கட்டிக்கொண்டான். கல்யாணம் செய்துகொண்டான், பத்திரிகை வைத்தான். என் அறைக்கு வந்து உட்கார்ந்து மரியாதையாகப் பேசுவான், மழை பற்றி, ஸ்டோர் பற்றி. உடம்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டான். கேட்டால் சிரிப்பான்.